பிரெஞ்சுக்காரர்களின் பேராசை

பேராசையை மனித குலத்திலிருந்து வேரோடு களையும் மாபெரும் பணி, சென்ற ஞாயிறு, மலேசியாவின் சுங்கைப்பட்டாணி ஹோட்டல் ஒன்றின் குளுகுளு மண்டபத்தில், பிரியாணி விருந்துடன் இனிதே தொடங்கியது. 'பழைய பிரெஞ்சு நாவல்கள் கற்பிக்கும் பாடம்' என்பது தலைப்பு. பேச்சாளர், வாசகர் வட்டத் தலைவி காஞ்சனா. புரவலர், 'டத்தோ' பட்டம் வாங்கிய ஜெயசங்கர். சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடித்துவிட்டு, பங்களாக்கள் எழுப்பப்போகிற 'சமூகக் காவலர்'. நாற்காலிகள் காலியாகத் தெரியக்கூடாதென்று அதே லயத்து மக்களை பஸ் வைத்து ஏற்றி வந்திருந்தார்.

காஞ்சனா பிறந்ததும் அந்த லயத்தில்தான். அவள் அத்தை செல்லாயி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மாற்று வீடு தருகிறோம் என்றவர்கள் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அடுத்த வாரம் இடிக்க வருகிறார்கள்.

மண்டப வாசலில் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டத்தோகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. மாத்து வீடு குடுத்துட்டு இடிக்கட்டும்லா. நீ சொன்னா கேப்பாரு."

"இது இலக்கிய மேடை அத்தை. சொந்த விஷயம் பேசினா நல்லாருக்காது. போய் மொதல்ல சாப்பிடுங்க, கறி தீந்துடும்."

காஞ்சனாவின் நெஞ்சில் ஏதோ முள்ளாய்த் தைக்கத்தான் செய்தது. பண்பட்ட வாசகி அல்லவா, அது இலக்கிய உணர்ச்சி என்று உடனே கண்டுகொண்டாள். டத்தோவின் பங்களாக்களில் ஒரு கோர்னர் லாட், அதாவது மூலை மனை வீடு, 'எழுத்தாளர் சலுகை'யில் அவள் பெயரில் பதிவாகியிருந்ததற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

மேடையில் அவள் குரல் தழுதழுத்தது. பாரீஸில் ஒரு கிழவியின் குடிசையைப் பணக்காரன் பிடுங்கிக்கொள்கிற நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே பார்த்துக்கொண்டு நின்றது! ஒருவர்கூட வாய் திறக்கவில்லை! ஏன்? ஆளுக்கொரு பங்கு கிடைத்திருந்தது!"

டத்தோ கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். முன்வரிசை மொத்தமும் மூக்கைச் சிந்தியது.

கேள்வி நேரத்தில், கடைசி வரிசையில் செல்லாயி எழுந்தாள்.

"ஏம்மா, அந்தக் கெழவிக்குச் சொந்தபந்தம் யாருமே இல்லையா?"

"இருந்தாங்க அத்தை. நல்லா படிச்சவங்கதான்." காஞ்சனா கருணையோடு புன்னகைத்தாள். "அது பிரான்ஸ். அங்கே மனுஷங்க அப்படித்தான்."

பலத்த கைதட்டல். அது ஓயும்வரை செல்லாயி உட்காரவில்லை.

"அப்படியா? நீ எப்ப காஞ்சனா அங்க குடிபோன?"