மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் பத்திரிகை

கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் வெளியே சொல்லாத ஓர் உண்மை உண்டு. எங்கோ தூரதேசத்தில் இருந்துகொண்டு நம் கம்பெனியைக் குறிவைக்கும் திருடனைவிட, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வடா பாவ் சாப்பிடும் ஆளைக் கண்டுதான் எங்களுக்குப் பயம் அதிகம். வாசலுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், யாராவது தட்டினால் 'உள்ள வாங்க' என்று கதவைத் திறந்துவிடும் நல்ல மனசு அவருக்கு. நான் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். எங்கள் கம்பெனியின் மேல் நடந்த தாக்குதல்களில் அமோக வெற்றி பெற்றது ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தியவள் நான்.

கம்பெனி இருப்பது மும்பை தாராவியில். தோல் பைகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். கீழ்த்தளத்தில் வெட்டுவதும் தைப்பதும். செங்குத்தான இரும்புப் படியில் ஏறினால் மேலே ஆபீஸ். முதலாளி மைதீன் பாய் கடையநல்லூர்ப் பக்கம். ஒரு சமயம் எங்கள் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். 'எங்கள் புது டிசைன்கள் எல்லாம் உங்கள் கணினிகளில் இருக்கின்றன. அவை திருடு போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆறு மாதத்துக்குள் எங்கள் தணிக்கையாளர் வருவார். தேறாவிட்டால் ஆர்டர் கிடையாது.' அந்தப் பீதியில் அவசரமாக எடுக்கப்பட்ட ஆள்தான் மாட்டுங்கா வித்யா, அதாவது நான். தணிக்கையில் கம்பெனி தேறினால் எனக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் நேராக வீட்டுக்கு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. (சான்றிதழ்கள் மூன்று, அனுபவம் பூஜ்யம், வாய் மட்டும் நிறைய.) சேர்ந்த மாதமே, வளர்ந்துவரும் இணைய ஆபத்துகளை எப்படிச் சமாளிப்பது என்று நாற்பது பக்கத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். பாய் அதை மரியாதையாக வாங்கி, டீ கிளாஸ் வைக்க வசதியாக இருக்கிறது என்று மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டார். நானும் விடவில்லை. டிசைன் கணினிகளைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றினேன். தினமும் பேக்கப் எடுக்க வைத்தேன். பேக்கிங் பொறுப்பாளர் பீர் முகமது அண்ணன் தன் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தார். "இப்படி வைக்கக் கூடாது அண்ணே" என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், அதே காகிதம் லேமினேஷன் செய்து ஒட்டப்பட்டிருந்தது.

ஐந்தாவது மாதம் ஃபிஷிங் பரீட்சைக்கு வந்தேன். திருடன் அனுப்புவதுபோல நாமே ஒரு போலி மெயில் அனுப்பி, யார் யார் ஏமாந்து பாஸ்வேர்டைத் தருகிறார்கள் என்று பார்ப்பதுதான் பரீட்சை. 'உங்கள் பாஸ்வேர்டு இன்றோடு காலாவதியாகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பினேன். ஒருவர்கூட ஏமாறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னுடைய பயிற்சியின் மகிமை என்று அக்கவுண்ட்ஸ் செல்வி அக்காவிடம் போய்ப் பெருமை பேசினேன்.

"அட நீ வேற. இங்கிலீஷ்ல வந்தா இங்க யாருட்டி படிக்கா? பாத்த ஒடனே டிலீட்டுதான்" என்றார் அக்கா.

வீம்பு வந்துவிட்டது. நிஜத் திருடன் ஆளைப் பார்த்துத்தானே தூண்டில் போடுவான்? ஒரு வாரம் எல்லோரையும் கவனித்தேன். எங்கள் ஆபீஸில் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிரித்துப் படிக்கப்படுவது ஒன்றுதான்: கல்யாணப் பத்திரிகை. சரி, யாருடைய கல்யாணம்? முன்பின் தெரியாத பேர் என்றால் ஒதுக்கிவிடுவார்கள். அறிவாளி அல்லவா, என் பெயரையே போட்டேன்.

மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் சௌபாக்கியவதி வித்யா, சிரஞ்சீவி கார்த்திக், எம்.டெக். (கற்பனை மாப்பிள்ளைதானே, படிப்பில் எதற்குக் கஞ்சத்தனம்?) என் அப்பா அம்மா பெயர் நிஜம். மண்டபம் பொய். தேதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை. 'உங்கள் வருகையைப் பதிவு செய்ய இங்கே தொடவும்' என்ற இடத்தைத் தொட்டால், ஆபீஸ் பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்த உடனே, 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள், இது பாதுகாப்புப் பரீட்சை' என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பக்கம் வரும். அபாயம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டுமே என்று அதற்குச் சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்திருந்தேன்.

நம்மவர்கள் கண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் அபாயமா தெரியும்? மங்களம்தான் தெரியும். அதையும் பத்திரிகையின் கடைசிப் பக்கம் என்று நினைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மூடிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அனுப்பினேன். நாலு மணி டீ வருவதற்குள், ஒரே ஒருவர் நீங்கலாக எல்லோரும் திறந்துவிட்டார்கள். மைதீன் பாய் இரண்டு தடவை பாஸ்வேர்டு கொடுத்திருந்தார். பீர் அண்ணன் பாஸ்வேர்டு கட்டத்தில் 'இன்ஷா அல்லா குடும்பத்தோட ஆறு பேர்' என்று நிரப்பியிருந்தார். திறந்தவர்களில் பாஸ்வேர்டைப் பறிகொடுக்காதவர் அந்த மகானுபாவர் மட்டும்தான். எனக்கோ வெற்றி மயக்கம். மறுநாள் காலை எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்லி அசத்தலாம் என்று, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பத்திரிகை எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. பீர் அண்ணன் அதைப் படம் பிடித்துத் தன் மகளுக்கு அனுப்ப, அவளுடன் படிக்கும் என் சித்தி பெண்ணுக்கு அவள் அனுப்ப, செம்பூரிலிருந்து சித்தி ஆட்டோ பிடித்து வந்து எங்கள் கூடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"யாருடீ அந்தக் கார்த்திக்?" என்றாள் அம்மா, நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"அப்படி ஒருத்தன் இல்லவே இல்லைம்மா!"

"இல்லாதவன் எப்படிடீ எம்.டெக் படிச்சான்?"

"பத்திரிகைல என் பேரைக்கூடப் போடலையே அக்கா" என்று சித்தி விம்மினாள்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "எந்தக் காலேஜ்ல எம்.டெக்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மணி நேரம் ஃபிஷிங் என்றால் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா, "ஆக, ஊரை ஏமாத்தறதுக்குத்தான் உனக்குச் சம்பளம் தரா" என்று முடித்தாள்.

மறுநாள் காலை இரும்புப் படி ஏறி மேலே போனால், ஆபீஸே திரண்டு நிற்கிறது. கீழே தைக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மல்லிகை மாலை விழுந்தது. பாய் ஒரு சிவப்புத் தோல் கைப்பையை நீட்டினார். நம் ஆட்கள் சீக்கிரம் வந்து தைத்தது, மணப்பெண்ணுக்காம். மேலே என் பெயரின் முதலெழுத்தும் கார்த்திக்கின் முதலெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் பொறித்திருந்தது. அதுவரை நான் வைத்தது பரீட்சை என்றுதான் நினைத்திருந்தேன். விளையாடியது இவர்கள் பிரியத்தோடு என்று அந்தப் பை சொல்லிற்று. அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணப் பெண்ணின் நாணம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் பாயின் பக்கத்தில், கையில் லட்டுடன் நின்றிருந்த ஒரு புது மனிதரைப் பார்த்தேன்.

"இவங்கதான் சார் நம்ம செக்யூரிட்டி மேடம். வர்ற ஞாயித்துக்கெழம ஷாதி" என்று பாய் அவருக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "வித்யாம்மா, இவரு குல்கர்ணி சார். தணிக்கைக்கு வந்திருக்காரு. சொல்லாம கொள்ளாம வர்றதுதான் இவங்க ரூலாம்."

மாலையும் கழுத்துமாக நின்று, தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றி உண்மையைச் சொன்னேன். கல்யாணம் இல்லை. கார்த்திக் இல்லை. அது பரீட்சை. எல்லோரும் ஃபெயில். மன்னித்துவிடுங்கள்.

பீர் அண்ணன்தான் முதலில் பேசினார். "அப்ப ஞாயித்துக்கெழம சாப்பாடு கெடையாதா தங்கச்சி?"

குல்கர்ணி லட்டை மேசையில் வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தார். எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று கேட்டார். ஒருவர் தவிர எல்லோரும் என்றேன். என் வேலை போயே போய்விட்டது என்று அந்த நொடியில் நிச்சயமாகத் தெரிந்தது.

"யார் அந்த ஒருவர்?" என்றார்.

செல்வி அக்கா. கூட்டத்தில் சேராமல், லட்டும் எடுக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அக்கா என்று கேட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"என்னத்த கண்டுபிடிக்க? ரெண்டு மேச தள்ளி உக்காந்திருக்கேன். எந்திரிச்சு வந்து குங்குமத்தக் குடுத்து, 'அக்கா வந்துருங்க'ன்னு ஒரு வார்த்த கூப்பிட உனக்குக் கால் இல்லியாட்டி? மெயில்ல பத்திரிக வச்சா நான் தொறப்பேனா? எனக்கும் ரோசம் இருக்கு!"

என்ன சொல்கிறார் என்று குல்கர்ணி கேட்டார். இந்தியில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே உறைத்தது. பழக்கமான வழியில் வராத அழைப்பைத் தொடாதே, ஆளை நேரில் கேள் என்கிறார் அக்கா. நாற்பது பக்கத்தில் நான் சுற்றி வளைத்த விஷயத்தை, ஒரு கோபத்தில் போட்டு உடைத்துவிட்டார். அங்கேயே அப்படியே திரும்பி எல்லோரிடமும் சொன்னேன்: "இன்னியிலேர்ந்து எந்த மெயிலையும் மெயில்ல வந்த பத்திரிகையா நினைச்சுக்கோங்கோ. முதலாளி பேர்ல வந்தாலும் சரி. நேரில கேட்டாத்தான் அழைப்பு. இல்லைன்னா செல்வி அக்கா மாதிரி கோச்சுக்கணும்."

சிரித்தார்கள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக நான் சொன்னது அத்தனை பேருக்கும் புரிந்தது. அக்காவும் ஒரு லட்டு எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் மைதீன் பாயின் அறை வாசலில் திடீரென்று வரிசை நின்றது. "பாய், புது டிசைனை எல்லாம் அனுப்பச் சொல்லி மெயில் போட்டீங்களா?" "நான் போடலியே!" அடுத்த ஆள். "பாய், டிசைன் கேட்டீங்களாமே?" "இல்லப்பா!" பீர் அண்ணன் கீழேயிருந்து போன் செய்து கேட்டார். பதினைந்தாவது ஆளுக்குப் பதில் சொல்லும்போது பாயின் தொண்டை கட்டிவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த குல்கர்ணி தன் லேப்டாப்பை மூடிவிட்டுச் சிரித்தார். பாய் பெயரில், இந்தியில், அந்தப் போலி மெயிலை அனுப்பியவர் அவர்தான். ஒரு டிசைன்கூட வெளியே போகவில்லை. 'காலையில் தோற்ற ஊழியர்கள் மத்தியானம் தேறியதை வேறெங்கும் பார்த்ததில்லை' என்று அறிக்கையில் எழுதினார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. என் வேலை நிரந்தரமானது. பீர் அண்ணனைச் சமாதானப்படுத்த, ஞாயிற்றுக்கிழமை பாய் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு நிஜமாகவே கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை முரளி, ரத்தமும் சதையுமான மனிதர். ஆபீஸில் எல்லோருக்கும் நேரில் போய் வைப்பதற்கு முன்னால், சும்மா தகவலுக்கு என்று ஒரு பத்திரிகையை மெயிலில் அனுப்பினேன். ஒருவர்கூடத் திறக்கவில்லை. திறக்காதது மட்டுமில்லை, சந்தேக மெயில் வந்தால் அழுத்துவதற்கு நான் வைத்துக்கொடுத்திருந்த பொத்தானை வரிசையாக அழுத்தினார்கள். பாய் உட்பட. பாதுகாப்பு அதிகாரிக்கு, அதாவது எனக்கு, என் கல்யாணம் மோசடி என்று புகார் மேல் புகார். கணினி முன்னால் உட்கார்ந்து ஆனந்தத்தில் அழுதேன். அப்புறம் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன், செல்வி அக்காவிடம் முதலில்.

அந்தப் புகார்ப் பட்டியலை அச்செடுத்துக் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் முரளி தாலி கட்டும் படத்துக்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறார். "இத்தனை பேர் எங்க கல்யாணத்து மேல புகார் குடுத்தா. அத்தனை பேரும் வந்து சாப்டுட்டுப் போனா" என்பார்.