சுடலைமுத்து வைத்த ஐந்து கைநாட்டு

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று இருந்தது. இந்தக் கதை சிங்கத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் சிங்கத்தைச் சொல்லாமல் காட்டுக் கதையை ஆரம்பித்தால் சிங்கத்துக்கும் கோபம் வரும், கேட்கிறவர்களுக்கும் கதை ஆரம்பித்த மாதிரியே இருக்காது. அதனால் சொல்லிவிட்டேன். அது நம் கதையில் ஒரே ஒரு கையெழுத்துப் போடும், அப்புறம் குகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்தக் காட்டில் பொந்துக்குப் பொந்து டெலிபோன் இருந்தது. காட்டுக்குள்ளேயே பேசுவதென்றால் நம்பரைச் சுழற்றினால் போதும். மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டோடு பேச வேண்டுமென்றால் மட்டும் காக்கை இலாகாவில் டிரங்க்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்கக் கூடாது. காலையில் பதிவு செய்த எலி ஒன்று சாயங்காலம்வரை போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பேச வந்த விஷயமே மறந்துபோய், லைன் கிடைத்ததும் "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்ததெல்லாம் உண்டு.

மிருகங்கள் கூடி மனுப் போட்டன. சிங்கம் கையெழுத்துப் போட்டது. இனிமேல் வெளிக்காட்டுக்கு யார் மூலமாகப் பேசுவது என்பதை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று முரசறைந்தார்கள். மறுநாளே கிளி ஒரு கம்பெனி ஆரம்பித்தது. பார்த்துவிட்டு நரியும் ஆரம்பித்தது. குரங்கு, மயில், முயல் என்று ஆளுக்கொன்றாக ஆரம்பித்து மொத்தம் ஐந்து கம்பெனி ஆகிவிட்டது. காக்கை மட்டும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. அது பாட்டுக்குத் தன் மரத்தில் உட்கார்ந்திருந்தது.

இங்கேதான் நம்முடைய ஆள் வருகிறார். பேர் சுடலைமுத்து, இனம் முள்ளம்பன்றி. மேலுக்குப் பார்த்தால் ஊசி, பழகிப் பார்த்தால் வாழைப்பழம். அவருக்கு இசக்கியம்மாள் என்று ஒரே தங்கச்சி. அவளை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஒரு நாரை வந்து சொன்னபோது சுடலைமுத்து சந்தோஷத்தில் மூன்று முறை பொந்தைச் சுற்றி ஓடினார்.

முள்ளம்பன்றிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த பதினோராம் நாள், நிழல் காலடிக்கு வருவதற்குள், தாய்மாமன் தன் வாயால் பிள்ளை காதில் மூன்று தரம் பேர் சொல்ல வேண்டும். மாமன் குரல் வராவிட்டால் தகப்பன் வீட்டார் இஷ்டத்துக்குப் பேர் வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் கொம்பையா என்று இசக்கியின் மூத்தார், அதாவது புருஷனுக்கு அண்ணன், ஒருவர் இருந்தார். தன் பேரையே கொஞ்சம் மாற்றிப் பிள்ளைக்குக் கொம்பம்மாள் என்று வைப்பதாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதுகூடப் பரவாயில்லை. மாமன் குரல் வராத பிள்ளையின் தாயை அந்தக் காட்டில் 'நாதியத்தவ' என்பார்கள். குளக்கரையில் சின்னச் சண்டை வந்தாலும் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். அவள் சாகிறவரைக்கும் சொல்வார்கள்.

நாரையிடம் இசக்கி சொல்லியனுப்பியிருந்தாள்: "அண்ணன் நடந்து வந்தா இருவது நாளாகும். போன்ல கூப்பிடச் சொல்லு. மணி அடிச்சதும் நான் ரிசீவரைப் பிள்ளை காதுல வச்சிருவேன். நம்ம அம்மா பேரைச் சொல்லச் சொல்லு."

அவர்கள் அம்மா பேர் பிச்சம்மாள். போன மழைக்காலத்தில்தான் போய்ச் சேர்ந்தாள். வாசலுக்கு வந்த யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்லக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவள் அவள்தான். இந்தக் கதையில் வந்த வினையெல்லாம் அந்த வளர்ப்பால் வந்தது.

முதலில் கிளி வந்தது. "அண்ணாச்சி, எங்க லைன்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பக்கம் ரெண்டு தரம் கேக்கும்" என்று படிவத்தை நீட்டியது.

"ஆகட்டும்" என்று சுடலைமுத்து கைநாட்டு வைத்தார்.

அது போன சூட்டோடு நரி வந்தது. "கிளியா? ஐயய்யோ! நீங்க பேசுற ரகசியத்தை ஊரெல்லாம் சொல்லிருமே! நம்மகிட்ட வாங்க, முதல் பத்துப் பேச்சு இலவசம்" என்றது. கிளிக்கு வைத்தாயிற்று என்று சொல்ல சுடலைமுத்துவுக்கு நாக்கு எழவில்லை. "ஆகட்டும்" என்றார். இப்படியே குரங்குக்கும் வைத்தார், மயிலுக்கும் வைத்தார். முயல் ஓடி வந்து மூச்சு வாங்க நின்றதைப் பார்த்ததும் பாவம் என்று, படிவத்தை அதுவே எடுக்கும் முன்னால் கேட்டு வாங்கிக் கைநாட்டு வைத்தார். ஐந்து கம்பெனிக்காரர்களும் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸ்கள் அவர் முதுகு முள்ளில் குத்திக்கொண்டு நின்றன. தன் முதுகு தனக்கு எட்டாததால் அவரால் அவற்றை எடுக்கவும் முடியவில்லை.

ஒன்பதாம் நாள், எதற்கும் ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று அவர் தங்கச்சி நம்பரைச் சுழற்றினார். "தங்கள் வெளிக்காட்டு லைன் தகராறில் உள்ளது" என்று ஒரு குரல் சொன்னது. சுடலைமுத்து பதறி, "தகராறா? நான் யார்கிட்டயும் சண்டைக்கே போகலியே!" என்றார். குரல் அதையே திருப்பிச் சொன்னது.

போன் ஆபீசில் வரிசை புளியமரம் தாண்டி நின்றது. சுடலைமுத்துவின் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கவுண்டரில் கீரி உட்கார்ந்திருந்தது. அது ஐந்து படிவத்தையும் வரிசையாக மேஜைமேல் பரப்பியது.

"ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா நீரு என்ன வே, அஞ்சு பேரைத் தேர்ந்தெடுத்து வச்சிருக்கீரு?"

"அஞ்சு பேரும் வீட்டுக்கு வந்தாங்களே, ஐயா."

"வந்தா?"

"வந்தவங்ககிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது?"

கீரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தது. முதுகில் இருந்த நோட்டீஸ்களையும் பார்த்தது. "சரி, நாலு கம்பெனியிலருந்து விலகல் சீட்டு வாங்கிட்டு வாரும். மிச்சம் இருக்கிற ஒண்ணு உமக்கு."

"எங்க கிடைக்கும், ஐயா?"

"அவங்க தலைமை ஆபீஸ்ல. எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. நேர்ல போனா தரமாட்டாங்க. போன்லதான் கேக்கணும்."

"வெளிக்காட்டுக்குப் பேசத்தான் எனக்கு லைன் இல்லையே!"

"லைன் வேணும்னா விலகல் சீட்டு வேணும்."

"விலகல் சீட்டு வேணும்னா?"

"லைன் வேணும்" என்றது கீரி. தன் இலாகாவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற திருப்தி அதன் முகத்தில் தெரிந்தது. "அடுத்து யாரு?" என்றது.

பத்தாம் நாள் முழுக்க சுடலைமுத்து ஐந்து கம்பெனிக் கிளைகளுக்கும் அலைந்தார். கிளி, நரி, குரங்கு மூன்றும் பிரியாவிடை மாதிரி அழுது, சீட்டுத் தராமலே அனுப்பின. மயில் தோகையை விரித்துக் காட்டியது. முயல் ஆபீஸில் ஆளே இல்லை. எல்லா இடத்திலும் நீண்ட வரிசை. தேர்ந்தெடுத்த மிருகங்களெல்லாம் லைனுக்காகக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தன. கரடி ஒன்று தரையிலேயே படுத்துவிட்டது.

பதினோராம் நாள் விடிந்தது. நிழல் நீளமாக இருந்தபோதே சுடலைமுத்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். அது குறைந்துகொண்டே வந்தது. 'இசக்கி போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாளே! பாவி நான், யார் மனசும் கோணக் கூடாதுன்னு இருந்து, கூடப் பிறந்தவளை நாதியத்தவ ஆக்கப்போறேனே!' அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போது பக்கத்துப் பொந்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "ஏலே, மலைக்கு அந்தப் பக்கம் போயும் ஒனக்குக் குளிக்கணும்னு தோணலியா? மருமக என்ன சொன்னா? போனை அவகிட்ட குடு!"

அது உடும்பு மாகாளி. அந்தக் காட்டிலேயே மரியாதை தெரியாதவள் என்று பேர் எடுத்தவள். யார் வாசலுக்கு வந்தாலும் "போ அந்தாண்ட" என்பாள். அவளுக்கு வெளிக்காட்டு லைன் இருக்கிறது! சுடலைமுத்து உருண்டு புரண்டு ஓடி அவள் வாசலில் நின்றார்.

"யக்கா, எந்தக் கம்பெனி?"

"எந்தக் கம்பெனியும் இல்ல. அஞ்சு பேர் வந்தான். அஞ்சு பேரையும் வாலால அடிச்சு வெரட்டினேன். முரசு அடிச்சப்ப கடைசில ஒண்ணு சொன்னானே, கேக்கலியா? தேர்ந்தெடுக்காதவங்களுக்குப் பழைய காக்கையே தொடரும்னு. அதுக்குள்ள நீங்கல்லாம் கைதட்ட ஆரம்பிச்சிட்டீய."

"யக்கா, ஒரே ஒரு நிமிஷம் போன் குடுங்க. பிள்ளைக்குப் பேர் சொல்லணும்."

"மாட்டேன், போ" என்றாள் மாகாளி. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உடும்பு பிடித்த பிடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வார்த்தையை சுடலைமுத்து தன் ஆயுளில் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. மரியாதையாகத் திரும்பிப் போய்விடத்தான் அவருடைய கால் முதலில் அசைந்தது. கீழே பார்த்தார். நிழல் இரண்டு விரற்கடைதான் மிச்சம் இருந்தது.

"நானும் மாட்டேன்" என்றார்.

"என்னது?"

"போகமாட்டேன்! நீங்க போன் தராம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!"

சொல்லும்போதே அவருக்கு ரோஷம் தலைக்கேறியது. உடம்பில் உள்ள அத்தனை முள்ளும் விறைத்து எழுந்தது. அவர் நின்றது மாகாளியின் வாசலில். முள் எழுந்ததும் வாசலுக்கு அளவெடுத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மாகாளி வாலால் ஒன்று போட்டாள். போட்டுவிட்டு, "ஸ்ஸ்... ஐயோ!" என்று வாலை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் முதுகிலிருந்த நோட்டீஸில் இரண்டு அவள் வாலோடு போயின.

"எனக்குக் காத்து வரணும்லே! ஒழிஞ்சு தொலை!"

"பேசி முடிச்சாதான் முள்ளு இறங்கும், யக்கா. நான் என்ன செய்ய?"

மாகாளி காட்டையும், சிங்கத்தையும், முள்ளம்பன்றிச் சாதி முழுவதையும் திட்டிக்கொண்டே ரிசீவரை அவர் காதில் வைத்தாள். அவர் "அலோ" என்றார்.

"யாரு, சுடலைமுத்தா?" என்றது காக்கை. "நம்பரைச் சொல்லும்."

அவர் சொன்னார். "எவ்வளவு நேரம் ஆகும், காக்கையண்ணே? நிழல் காலுக்கு வரப்போகுது!"

"என்ன நேரம்? அந்தப் பக்கம் மணி அடிக்குது பாரும்."

ஒரே மணியில் போன் எடுக்கப்பட்டது. பின்னால் கொம்பையாவின் குரல் கணீரென்று கேட்டது: "நேரம் முடியப்போகுது! ஒங்க அண்ணன் வரமாட்டான். பிள்ளையை இங்க குடு."

"அண்ணே?" என்றாள் இசக்கி. அந்த ஒரு வார்த்தைக்குள் அவள் பதினொரு நாளும் விடாமல் வைத்திருந்த நம்பிக்கை முழுவதும் இருந்தது.

"காதுல வை, தாயி."

சுடலைமுத்து ரிசீவரோடு வாயை ஒட்டி வைத்தார். முதல் தரம் பாதிக் குரல்தான் வந்தது. "பிச்சம்மா." இரண்டாம் தரம் சொன்னபோது அம்மாவின் முகம் கண்முன் வந்து நின்றது. "பிச்சம்மா." மூன்றாம் தரம் காடே கேட்கும்படி சொன்னார். "பிச்சம்மாளே!"

அந்தப் பக்கம் பிள்ளை ஒரு தும்மல் போட்டது.

"கேட்டுட்டா, அண்ணே" என்று இசக்கி அழுதாள். சுடலைமுத்துவும் அழுதார். மாகாளி, தன் வால் வலிக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முள்ளெல்லாம் இறங்கிய பிறகு சுடலைமுத்து கேட்டார்: "காக்கையண்ணே, முன்னல்லாம் ஒரு நாள் ஆகுமே. இப்ப எப்படி ஒரு நொடியில கிடைச்சுது?"

"எல்லாரும்தான் என்னை விட்டுப் போயிட்டாங்களே, வே. அங்க அஞ்சு இடத்துலயும் வரிசை. எனக்கு மிச்சம் இந்த மாகாளி ஒருத்திதான். நாள் பூரா இறகைக் கோதிக்கிட்டு உக்காந்திருக்கேன். வாழ்க்கையில இப்படி ஒரு சொகம் கண்டதில்ல."

மாகாளி ரிசீவரைப் பிடுங்கி வைத்தாள். "இதை வெளிய எவன்கிட்டயாவது சொன்னே, அடுத்த தடவை முள்ளுன்னும் பாக்கமாட்டேன்."

வெளியே பெரிய கூட்டம் கூடியிருந்தது. அவர் கத்தியது எல்லார் காதிலும் விழுந்திருந்தது. வரிசையில் நின்று களைத்த கரடியும் வந்திருந்தது. "ஒரே நொடியில கிடைச்சுதாமே! எந்தக் கம்பெனி, அண்ணாச்சி?" என்று கேட்டது.

சுடலைமுத்து வாயைத் திறந்தார். பிச்சம்மாள் வளர்த்த பிள்ளை, கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லாதவர். உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போது அவருக்கு ஒரு ஞாபகம் வந்தது. வருகிற தையில் பிள்ளைக்குக் காது குத்து. அதற்கும் மாமன் குரல் வேண்டும்.

"ஒங்களுக்கு எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

"நரி."

"நரியேதான்! அடேயப்பா, என்ன வேகம்! விட்டுராதீங்க."

"எங்களுக்கு மயிலு" என்றது ஒரு மான்.

"மயிலைப் பத்திக் கேக்கவே வேண்டாம்" என்றார் சுடலைமுத்து. அணிலுக்கு முயல் நன்றாக இருந்தது, காட்டுப்பூனைக்குக் கிளி நன்றாக இருந்தது. யாரையும் அவர் மறுத்துப் பேசவில்லை. தாங்கள் தேர்ந்தெடுத்தது சரியானதுதான் என்ற பூரிப்போடு எல்லாரும் வரிசையில் நிற்க ஓடினார்கள்.

கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்ற மாகாளி, "உள்ள வாலே, சுடலை" என்றாள். அவள் வாயிலிருந்து 'வா' என்ற சொல் அந்தக் காட்டில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது.

நீதி: தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாருக்கும் கட்டாயம் வேண்டும். நம்மைத் தவிர மற்ற எல்லாரும் அதைப் பயன்படுத்தினால்தான் நமக்கு லைன் சீக்கிரம் கிடைக்கும்.