ஆடி மாதத்துச் சக்களத்தி

சக்களத்தி வாய்த்த பெண்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் உயிரே இல்லாத சக்களத்தியோடு மல்லுக்கு நின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் என் கணவரின் செல்போனில், ஒரு துப்பாக்கி விளையாட்டுக்குள் இருந்தாள்.

கல்யாணமாகி நான் சங்கராபுரத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த விளையாட்டில் ஆண்களுக்கெல்லாம் கழுத்திலிருந்து கால் வரை இரும்புக் கவசம். இவளுக்கு மட்டும் இரண்டு கைக்குட்டை. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஓடினாளோ! (என் இடுப்பைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) இவர் தினமும் அவளுக்கு உடை மாற்றி, திருப்பித் திருப்பி அழகு பார்ப்பார். நான் புதுப்புடவை கட்டி எதிரே நின்றால், தலை நிமிராமலே "நல்லாகீது" என்பார். எனக்கு வயிறு எரிந்தது.

ஆடி பிறக்கப்போகிறது என்று என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக, திருக்கோவிலூரிலிருந்து தம்பி சீர்த்தட்டோடு வந்துவிட்டான். ஒரு மாதம் முழுக்க இவரை அவளிடம் விட்டுவிட்டுப் போவதா?

"நான் வர்ல," என்றேன். "நான் அந்தாண்ட போனா இவரு அவகூட குடித்தனம் பண்ணுவாரு."

தம்பி தட்டைக் கீழே வைத்தான். மாமியார், "எவ அவ?" என்றார்.

விளையாடிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி நீட்டினேன். பிடுங்கிய வேகத்தில் என் கட்டைவிரல் மைக்கைத் திறந்துவிட்டது எனக்குத் தெரியாது.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னாடா இது? துப்பாக்கி குண்டு ஆம்பளைங்க மேலதான் பாயுமா, இவ வயித்துல பாயாதா? இப்டியே கல்வராயன் மலைக்கு ஏறச் சொல்லு, குளிர்ல வெறச்சிப் பூடுவா."

"யாரு மாமா இவ?" என்றான் தம்பி.

இவர் தரையைப் பார்த்தார். "நான்தான்."

இவரே தொடர்ந்தார். "பொண்ணா ஆடினா கூட ஆடற பசங்க துப்பாக்கி, மருந்து எல்லாம் எடுத்துக் குடுப்பாங்க. அதான் மைக்க மூடிக்கினு..."

போனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், நீ ஆம்பளையா? ஒரு மாசமா உனக்குக் காவலுக்கு நின்னுகினு கீறேன்டா."

இன்னொரு குரல், "கத்திக்கினு இருந்த அக்காவ சாம்பார் வைக்கச் சொல்லு," என்றது.

இடுப்பைக் காட்டினால் துப்பாக்கி, வாயைத் திறந்தால் சாம்பார். அவர்கள் நியாயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தக் குரல்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுடையவை என்பது மட்டும் சாயங்காலம்தான் விளங்கியது. தலைகுனிந்து தம்பியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், பஞ்சர் கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். "சக்களத்தி சௌக்கியமாம்மா?"

இப்போதும் ஆடிக்கு நான் பையை எடுத்தால் மாமியார் சொல்வார்: "நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா. அவளுக்கு நான் ஒரு பொடவ கட்டி வுடறேன்."

எந்தப் புடவை என்று கேட்காமல் நான் பஸ் ஏறுவதில்லை.