சப்பாத்தி தின்றுவிட்டுப் போனார்கள்

அன்னவாசல்,
9-11-65

மதிப்பிற்குரிய செல்லமுத்து மாமா அவர்களுக்கு, பிரகதாம்பாள் பணிவான வணக்கத்துடன் எழுதுவது.

அப்பா சொல்லச் சொல்ல உங்களுக்கு எழுதியிருக்கிறேனே தவிர, நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கு சினைப்பசு உட்பட எல்லோரும் சுகம். பொன்மலையில் அத்தையும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன்.

வடக்கே நாகபுரியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை நாகராசுவின் வீட்டாரிடம், "எங்க பொண்ணு பி.ஏ. மட்டுமில்ல, சப்பாத்தியும் நல்லாச் சுடும்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாம். மாமா, கல்லூரி விடுதியில் சப்பாத்தி போட்டார்கள், நான் தின்றேன். எனக்கும் அதற்கும் அவ்வளவுதான் உறவு. மணமேல்குடிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு எனக்கு உத்தரவு வந்திருப்பதும் இருபத்திரண்டாம் தேதி சேர வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்பாவோ, "மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்துட்டுப் போகட்டும். தட்டிப்போச்சுன்னா வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டார்.

ரேஷனில் அரிசிக்குப் பதிலாகப் போட்ட கோதுமையை மில்லில் அரைத்து வந்ததும், உங்கள் அக்கா அதை வாணலியில் கொட்டி வறுக்க ஆரம்பித்துவிட்டார். வறுக்கக் கூடாதும்மா என்றேன். "இடியாப்பத்துக்கு வறுக்கல? புட்டுக்கு வறுக்கல? பச்ச மாவத் தின்னுபுட்டு மாப்பிள்ளைக்கு வயித்தால போனா ஒங்க காலேசா வந்து பாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கொதிக்கிற தண்ணீரையும் ஊற்றிவிட்டார். அடுத்த வீட்டுச் சொர்ணவல்லி அக்காவுக்குத்தான் இதில் அனுபவம் அதிகம். "சித்தன்னவாசல் பாக்க வந்த வடக்கத்தி ஆளுக தின்னதப் பாத்திருக்கேன். கைக்குட்டை கணக்கா நாலா மடிச்சாக" என்று சொல்லி, அம்மிக்குழவியைக் கழுவிக்கொண்டு வந்து உருட்ட உட்கார்ந்தார், உருட்ட உருட்ட மாவு வெடித்துக்கொண்டே போனது, நான் தண்ணீர் தெளித்தேன், அது குழவியோடு ஒட்டிக்கொண்டது, இதெல்லாம் ஆகிற காரியமா என்று அம்மா அதிரசத்துக்குத் தட்டுகிற மாதிரி வாழை இலையில் வைத்துத் தட்டினார், அது இலையை விட்டு வரமாட்டேன் என்றது, கடைசியில் இலையோடு தோசைக்கல்லில் கவிழ்த்து இலை கருகிய பிறகு உரித்து எடுத்தோம், அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

நம் பக்கத்தில் சம்மதம் சொல்லாமல் பெண் வீட்டில் இலையில் உட்கார மாட்டார்களே, காப்பி குடித்துவிட்டு அவர்களும் எழுந்துவிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்பா விடவில்லை. "பொண்ணு கைப்பக்குவத்தப் பாக்காமப் போனா எப்படிங்க? நான் என்ன சோறா போடுறேன், சப்பாத்திதானே" என்று கையைப் பிடித்து இலையில் உட்கார்த்திவிட்டார்.

மாப்பிள்ளை முதலில் ஒரு கையால் பிய்த்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஒடித்தார். சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. அவருடைய ஆத்தா குருமாவில் ஊறப்போட்டுவிட்டு, "நாகபுரியிலயும் இப்பிடித்தான் இருக்குமாப்பா?" என்று கேட்டார்கள்.

"அங்கிட்டுக் கொஞ்சம் மடங்கும்" என்றார் அவர்.

கை கழுவினார்கள், வண்டி ஏறினார்கள். "மிச்சத்த எடுத்து வைங்க, அடுத்த மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும்னீகல்ல" என்றார் சொர்ணவல்லி அக்கா. அம்மாவுக்கும் அவருக்கும் இன்றுவரை பேச்சு இல்லை.

உங்கள் சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். இனி அவர்கள் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அப்பாவே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து, "சரி, மணமேல்குடிக்குக் கெளம்பு" என்றுவிட்டார். அத்தைக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள மருமகள்,
பிரகதாம்பாள்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளையின் ஆத்தா ஆள் அனுப்பிவிட்டார்கள். "பொண்ணு வீட்டுல எலையில ஒக்காந்து தின்னாச்சு. பெறகு வேணாம்னா ஊரு சிரிக்கும். தையில வச்சுருவோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி திரும்பப் பரணுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பாவம், ஒன்றை முழுதாகத் தின்று முடித்தார். ஆனால் மாமா, நான் வேலையில் சேர வேண்டும். இவ்வளவும் எழுதியது இதைக் கேட்கத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்து, இவள் வேலையில் சேரட்டும், பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை முடிந்ததும் கல்யாணத்தை வைகாசியில் வைக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். தையில் உங்களுக்கு லீவு கிடைக்காது என்றால் போதும். தாய்மாமன் இல்லாமல் அப்பாவால் தேதி குறிக்க முடியாது.