வேலை செய்துவிட்ட பாய்

உழைத்துப் பிழைப்பவர்களை உங்களுக்குத் தெரியும். ஊரை ஏய்த்துப் பிழைப்பவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், விண்ணப்பம் எழுதியே பிழைக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. மானியஜீவி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இது இரை தேடி அலையாது. அரசாங்க இணையதளத்தின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ‘புதிய மருத்துவக் கருவிகளை உருவாக்கும் சிறு நிறுவனங்களுக்கு உதவி’ என்று ஒரு வரி அங்கே எட்டிப் பார்த்ததோ இல்லையோ, அதற்கு மூக்கில் வியர்த்துவிடும்.

திருடர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்! மானியஜீவியைப் போல யோக்கியமான பிராணி இந்தப் பல்கேரியாவிலேயே கிடையாது. எழுதுகிற ஒவ்வொரு அறிக்கைக்கும் நகல் வைத்திருக்கும். நகலுக்கும் ஒரு நகல் வைத்திருக்கும். நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘அசலின் உண்மை நகல்’ என்று நீல மையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன்மேல் வட்ட முத்திரையைக் குத்தி, முத்திரையின் ஓரம் கொஞ்சம் மங்கிவிட்டால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். தவறிப்போய்க் கறுப்பு மையில் எழுதிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஸ்தாரா ஸாகொரா ஊரில், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் லியூபென் தென்செவ் என்று ஒருவர் இருக்கிறார். மானியஜீவி இனத்தின் உத்தமமான மாதிரி. அவருடைய நிறுவனத்தில் மொத்தம் இரண்டே பேர். கருவியைச் செய்ய ராலித்சா என்ற பொறியாளர். கருவியைப் பற்றி எழுத லியூபென். உள்ளே போனால் மேசை, நாற்காலி, அச்சு இயந்திரம், காபி போடும் பாத்திரம் என்று எல்லாவற்றின் மீதும் ‘இது மானியத்தில் வாங்கப்பட்டது’ என்ற ஒட்டுச்சீட்டு பளபளக்கும். வருகிறவர்கள் ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்காமல் இருப்பது நல்லது. அவர் கையில் எப்போதும் ஒரு சீட்டு தயாராக இருக்கும்.

வீட்டிலாவது சும்மா இருப்பாரா? சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி ஸ்வெத்லா ஒருநாள் சொன்னாள்.

“முதல் கட்டமா, இதுக்குத் தேவை இருக்கான்னு ஆராயணும்” என்றார் லியூபென்.

“தேவை என் காலுக்குக் கீழ ஓடுது. வந்து பாருங்க.”

“சரி. அப்ப ரெண்டாம் கட்டம். யாரோட கூட்டு சேர்ந்து செய்யறதுன்னு யோசிக்கணும்.”

அவள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டாள். கூட்டு அமைந்துவிட்டதில் லியூபெனுக்கு ரொம்பத் திருப்தி.

அவர்களுடைய கருவி ஒரு பாய். கேலி செய்யாதீர்கள், நல்ல பாய். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியின் கீழே விரிப்பது. ஒரே பக்கமாக வெகுநேரம் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும் அல்லவா? அப்படி ஆவதற்கு முன்பே இந்தப் பாய் மணி அடித்து, வந்து புரட்டிப் படுக்க வையுங்கள் என்று தாதியைக் கூப்பிடும். இப்படி ஒரு பாய் சாத்தியமா என்று ஆராய முதல் மானியம் வந்தது. சாத்தியம்தான் என்று தெரிந்ததும், எப்படிச் சாத்தியம் என்று ஆராய இரண்டாவது வந்தது. அது யாருக்கெல்லாம் பயன்படும் என்று யோசிக்க மூன்றாவது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மாதிரிப் பாய் ஒன்று அலுவலகத்தில் கிடந்தது. இன்னொன்று சோதனைக்காக ஊர் எல்லையில் இருக்கும் ஆஸ்பத்திரியில், தாதி நெவேனாவின் வார்டுக்குப் போயிருந்தது. அங்கே பன்னிரண்டு கட்டில்கள். “மிச்சப் பதினொண்ணு எப்ப வரும்?” என்று நெவேனா வாராவாரம் போன் செய்வாள். “ஆய்வு நடக்குதுக்கா” என்பார் லியூபென். பொய்யில்லை, எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

நாலாவது மானியத்துக்கு எல்லாம் தயார். அப்போதுதான், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்த விபரீதம் நிகழ்ந்தது. ராலித்சா வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தாள்.

“அண்ணே, வேலை செய்யுது!”

“எது?”

“பாய்தான்.”

“எப்பவாவது செய்யுமே, அதுவா?”

“எல்லாத் தடவையும் செய்யுதண்ணே! இங்கயும் ஆஸ்பத்திரிலயுமா ஒன்றரை மாசமா இருநூறு தடவை பாத்துட்டேன். ஒருதடவைகூடத் தப்பலை.”

லியூபென் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

அவர் பயந்ததில் தப்பில்லை. நாலாவது மானியம், இன்னும் சரியாக வேலை செய்யாத கருவிகளைச் செப்பனிடுவதற்கு. வேலை செய்துவிட்டால் கருவி முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்துவிட்டால், மகராசனாகப் போய் விற்றுக்கொள் என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவார்கள். விற்பதா? இந்தப் பதினோரு வருஷத்தில் லியூபென் யாருக்கும் ஒரு துரும்பைக்கூட விற்றதில்லை. விலை சொல்லவேண்டும், எதிரில் நிற்பவர் முகத்தைச் சுளிப்பார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.  நாலாவது மானியம் வந்தால் இன்னும் மூன்று வருஷம் பயமில்லை. வராவிட்டால் சந்தைதான். அவருக்கு அது கடலில் தள்ளிவிடுகிற மாதிரி.

“வியாழக்கிழமை ஸோஃபியாவுலேருந்து பரிசோதகர் அம்மா வர்றாங்க. நீ வாயே திறக்கக் கூடாது” என்றார்.

“என்னண்ணே இது, செஞ்சு முடிச்சது குத்தமா?”

“முடிச்சதை யாரு கேட்டா? முன்னேற்றம்னுதான் எழுதியிருந்தேன். முடிவுன்னு எங்கேயாவது எழுதியிருந்தேனா?”

 வியாழக்கிழமை காலை லியூபெனே பாயின் ஓரத்தைப் புரட்டி, உள்ளே இருந்த பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பரிசோதகர் திருமதி துஷேவா பருத்த உடம்பும் களைத்த கண்களுமாக வந்தார். விடியற்காலையிலேயே ரயிலேறியவர். பாயில் படுத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டதும், அந்தக் கேள்விக்காகவே ஸோஃபியாவிலிருந்து வந்தவரைப் போல, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டார். சோதனைக்காக இரண்டு நிமிஷத்தில் மணி அடிக்கும்படி வைத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. சத்தமில்லை. ராலித்சா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பல்லைக் கடித்தாள்.

“பாத்தீங்களா மேடம்!” என்றார் லியூபென், பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைப் பார்க்கிறவரைப் போல. “அடிக்கவே இல்லை! எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கு பாருங்க!”

“பாவம்” என்றார் துஷேவா கண்ணை மூடியபடியே. “பரவாயில்லை, அதுக்குத்தானே மானியம்.”

அந்த நேரம் பார்த்து நெவேனா உள்ளே நுழைந்தாள். தாதி உடுப்பு, மூச்சு வாங்கும் முகம், கையில் ஒரு சாக்லேட் பெட்டி. யாரையும் எதுவும் கேட்காமல் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினாள். படுத்திருந்த பரிசோதகரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

இந்த நாட்டில் நல்லது நடந்தவர்தான் மற்றவருக்கு இனிப்புத் தருவார். வாங்குகிறவர் சும்மா வாயில் போட்டுக்கொள்ள முடியாது. என்ன விசேஷம் என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லவேண்டும். கேட்காமல் தின்றால், வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். லியூபென் மானியஜீவியாக ஆவதற்கு முன்பே பல்கேரியராகப் பிறந்துவிட்டவர். சாக்லேட் விரலில் பட்டது. வாய் தானாகக் கேட்டது.

“என்னக்கா விசேஷம்?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“விசேஷமா? நாப்பது நாள், லியூபென் தம்பி! நாப்பது நாளா ஏழாம் நம்பர் கட்டில்ல ஒரு புண்ணு இல்ல! அந்தத் தாத்தா நேத்து தானே சட்டையைத் தூக்கி, முதுகைப் பாருன்னு காட்டுறார். குழந்தை முதுகு மாதிரி இருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எல்லாம் உங்க பாய்தான்!”

“எது, இதுவா?” பரிசோதகர் ஒரு கண்ணைத் திறந்தார். “இது அடிக்கலையே.”

“அடிக்கலையா? எந்திரிங்க, பாப்போம்.” நெவேனா பாயின் ஓரத்தைப் புரட்டினாள். “அடக் கடவுளே, பேட்டரியே இல்ல! எந்தப் புண்ணியவான் கழட்டினது?”

அந்தப் புண்ணியவான் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நெவேனா வார்டுப் பாய்க்காக எப்போதும் உடுப்புப் பையில் வைத்திருக்கும் பேட்டரியை எடுத்துச் செருகினாள். துஷேவா மறுபடி படுத்தார். இரண்டு நிமிஷம். மணி அடித்தது. எத்தனை அழகாக அடித்தது! அடுத்த அறையை வாடகைக்கு எடுத்திருந்த பல் மருத்துவர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“எப்பவாவது தப்பா அடிக்கும் மேடம்” என்றார் லியூபென்.

“அடிக்காது” என்றாள் நெவேனா.

“கனம் ஜாஸ்தி.”

“ஒத்தக் கையால தூக்குறேன்.”

“நோயாளிக்குக் குத்தும்.”

“எனக்குத் தூக்கமே வந்துடுச்சு” என்றார் துஷேவா.

உலகத்தில் எந்த ஊரிலாவது, பொருளைச் செய்தவர் அதைத் திட்ட, வாங்க வந்தவர் அதைப் புகழ்ந்து நீங்கள் கேட்டதுண்டா? கடைசியில் துஷேவா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, லியூபெனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாழ்த்துகள்! முடிச்சுட்டீங்க. மானியம் வாங்கி முடிச்சவங்களை நான் பாத்ததே இல்ல.” பிறகு ஃபைலைத் திறந்து, ‘கருவி தயார், மேற்கொண்டு உதவி தேவையில்லை’ என்று நீல மையில் எழுதி, முத்திரை குத்தினார். ஓரம்கூட மங்காமல் விழுந்தது.

அவர் போனதும் நெவேனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சரி தம்பி. ஆஸ்பத்திரில பேசிட்டேன். பதினொண்ணு வேணும். என்ன விலை?”

லியூபெனுக்கு வியர்த்துவிட்டது. “அக்கா, விலையெல்லாம் இப்படித் திடுதிப்புனு சொல்ல முடியாது. அதுக்கு ஒரு ஆய்வு வேணும். வசந்த காலத்துல அதுக்குன்னே ஒரு மானியம் அறிவிக்கப்போறாங்கன்னு...”

“வசந்த காலமா?” நெவேனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “எட்டாம் நம்பர் கட்டில்ல ஒரு அம்மா இருக்காங்க. வசந்த காலம் வரைக்கும் அவங்க ஒரே பக்கமா கிடக்கட்டுமா? நீங்களே வந்து சொல்லிடுங்க. என்னால முடியாது.”

  இந்தப் பதினோரு வருஷத்தில் நோயாளிகளைப் பற்றி லியூபென் ஆயிரம் பக்கம் எழுதியிருப்பார். ஒரு நோயாளியின் கட்டில் எண்ணை இன்றைக்குத்தான் கேட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ராலித்சா காகிதத்தில் ஒரு விலையை எழுதி அவர் முன்னால் தள்ளினாள். அவர் அதைத் தட்டுத்தடுமாறிப் படித்தார்.

நெவேனா முகத்தைச் சுளித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர் போகவில்லை.

“கொஞ்சம் குறைச்சுக்கோங்க.”

“முடியாதுக்கா” என்றார் லியூபென். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார்.

ஒரு மாதத்தில் பதினொரு பாயும் போய்ச் சேர்ந்தன. எட்டாம் நம்பர் அம்மாள் வலப்பக்கம், இடப்பக்கம் என்று ஜோராகப் புரண்டு படுக்கிறாள். பக்கத்து மாவட்டத்திலிருந்தும் கேட்கிறார்கள். விலை சொல்வதெல்லாம் இப்போது ராலித்சா. லியூபென் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரிந்து இந்த இனத்தில் யாரும் திருந்தியதில்லை. ‘கருவி முடிந்துபோவதால் சிறு நிறுவனங்களுக்கு ஏற்படும் அதிர்ச்சி: ஓர் ஆய்வு’ என்று ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார். கிடைத்துவிடும் என்கிறார்கள்.

சிரித்தீர்கள். நல்லது. மானியம் என்றால் என்ன என்றே தெரியாத நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்னும் கொஞ்சம் மெருகேற்றவேண்டும், சமயம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டு, எப்போதோ முடிந்துவிட்ட ஒன்றை நீங்கள் வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்காகக் காத்துக்கொண்டு இந்த நிமிஷம் ஒருவர் ஒரே பக்கமாகக் கிடக்கிறார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.