வலம் வந்த மாடும் வளர்ந்த மண்ணும்

திண்டிவனம்,
11 ஆகஸ்டு 1938, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி சவுரிராயனுக்கு அக்காள் இருதயமேரி எழுதிக்கொண்டது.

நலம் விசாரிப்பதற்கு முன்பாக ஒரு கேள்வி. காரணம் இன்னதென்று முழுவதும் தெரிந்த ஒரு காரியத்தைப் பார்த்து ஒரு மனுஷிக்கு ஏன் மூச்சு நின்றுபோக வேண்டும்? நான் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள், அதையே பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தவள். எனக்குப் பதில் தெரியவில்லை. ரயில்வே பட்டறையில் இருக்கும் உனக்குத் தெரிந்தால் எழுது. மற்றபடி இவ்விடம் சுகம். அவ்விடம் நீயும் ஜெயமும் குழந்தைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஜெயத்தின் இருமல் நின்றதா என்பதை அவள் கையால் எழுதச் சொல். நீ எழுதினால் எல்லாம் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய்.

நம் மண்பாண்டக் கூடத்துக்கு மண் பிசையும் யந்திரம் ஏன் இவ்வளவு அவசரம் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அஞ்சம்மாளுக்காகத்தான். சக்கரத்தில் உட்கார்ந்து ஜாடி வனைய ஆறு பெண்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் மண் மிதித்துக் கொடுப்பவள் அவள் ஒருத்திதான். ஒலக்கூர் ஏரி மண்ணில் நாளெல்லாம் நின்று நின்று அவள் பாதத்தில் சேற்றுப்புண் ஆழமாக இறங்கிவிட்டது. இன்னொரு மழைக்காலம் ஈரமண்ணில் நின்றால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவளிடமே சொன்னார். மறுநாள் காலையில் நான் போவதற்குள் அவள் மண்ணில் இறங்கி மிதித்துக்கொண்டிருந்தாள். மேலே ஏறு, உட்கார்ந்திரு, கூலியில் குறைக்கமாட்டேன் என்றேன். "சும்மா குந்திக்கினு கூலி வாங்கறதுக்கு நான் இன்னா தாசில்தாரா?" என்றாள். ஆக, யந்திரம் வருகிற வரைக்கும் அவள் மண்ணை விட்டு ஏறமாட்டாள். மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருக்கிறது.

நீ அனுப்பிய காட்டலாக்குகளில் இரண்டு யந்திரங்கள்தான் நமக்கு ஒத்துவரும் என்று பட்டது. ஒன்று, சென்னை ஏஜெண்டு விற்கும், படுத்தவாக்கில் இருக்கும் யந்திரம். ஒரு முனையில் மண்ணைப் போட்டால் எண்ணெய் எஞ்சின் அதைப் பிசைந்து மறுமுனையில் தள்ளும். மற்றது நிற்கும் தொட்டி. நடுவே ஓர் இரும்புத் தண்டு, தண்டைச் சுற்றிச் சாய்வான தகடுகள், தண்டின் தலையில் ஒரு நீண்ட மரம், அந்த மரத்தை இழுத்துக்கொண்டு சுற்றி வர ஒரு மாடு. மேலே போட்ட மண்ணைத் தகடுகள் வெட்டிப் பிசைந்து கீழே அழுத்த, அடியிலுள்ள துவாரம் வழியாக அது வெளியே வரும். அஞ்சம்மாள் முதல் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, இதுக்கு வாயும் கீது, வயிறும் கீது. அந்தாண்ட வர்றதுலயா நாம ஊறுகா ஜாடி பண்றது?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. மேலும், எஞ்சின் கெட்டால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும், மாட்டுக்கு உடம்பு கெட்டால் உள்ளூரிலேயே வைத்தியர் இருக்கிறார். ஆகவே தொட்டிதான் என்று தீர்மானித்து, நீ வரைந்து அனுப்பிய படத்தின்படியே புதுச்சேரியில் வேங்கடேசன் என்பவர் பட்டறையில் வார்க்கச் சொன்னேன். பிடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வந்து திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று மனிதர் பெருந்தன்மையாக இறக்கிவிட்டுப் போனார்.

மாட்டைக் கோதண்டபாணி கொடுத்தார். கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர். மல்லாட்டை வரத்து இல்லாமல் அவருடைய செக்கும் மாடும் சும்மா இருந்தன. இன்று காலை மாட்டைப் பூட்டி, கண்ணைக் கட்டி, மண்ணைத் தொட்டி நிறையக் கொட்டி ஓட்டினோம். மாடு அழகாகச் சுற்றியது. அடித் துவாரத்தில் ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தேன், குச்சி விட்டுப் பார்த்தேன். அப்போதுதான் உன் படத்தில் அம்புக்குறி போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. தகடுகள் இடப்பக்கமாகச் சுற்றினால்தான் மண்ணைக் கீழே தள்ளும். மாடு வலமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்புக்குறியை நான் பார்க்காமல் இல்லை, தம்பி. பார்த்தேன். ஆனால் இந்த ஊரில் சுற்றுகிற எதுவும் வலமாகத்தான் சுற்றும் என்பதால் அதை யாரும் ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, கோயிலுக்குப் போகாத நான் உட்பட. மாட்டைத் திருப்புங்கள் என்றேன். "எட்டு வருசமா வலம் சுத்திக்கினு கீது, டீச்சரம்மா. இப்ப எடமாப் போன்னா அதுக்கு பேஜாராப் பூடும்" என்றார் கோதண்டபாணி. இருந்தாலும் என் மனசுக்காகத் திருப்பினார். மாடு படுத்துக்கொண்டது. வலப்பக்கம் திருப்பியதும் எழுந்து நடந்தது.

அதற்குள் அது ஆரம்பித்துவிட்டது. தொட்டியின் விளிம்புக்கு மேலே மண் எழும்பியது. வழியவில்லை, எழும்பியது. தண்டைச் சுற்றிக்கொண்டு, பளபளவென்று, திருகு திருகாக வரி விழுந்து, விரற்கடை விரற்கடையாக ஏறி ஒரு முழ உயரத்துக்கு நின்றது. மாட்டின் குளம்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. சக்கரத்துப் பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள், தெருவில் போனவர்கள் வந்து நின்றார்கள், நான் எப்போது செருப்பைக் கழற்றினேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பிறகு பார்த்தபோது வெறுங்காலோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

தெருமுனையில் பூக்கட்டும் கெங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "புத்து வளருது. ஆத்தா வந்துட்டா."

"கெங்கம்மா, அது தகட்டின் சாய்வு. மாடு மறுபக்கம் சுற்றுவதால் மண் கீழே போகாமல் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான்" என்றேன்.

"தகடு சாஞ்சா ஆத்தா வரக்கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டுக்கீது?"

யோசித்துப் பார்த்தேன். நான் படித்த எதிலும் போட்டிருக்கவில்லை. அதற்குள் மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, ஒரு சொம்பு பால் வந்து தலையிலிருந்து அபிஷேகமாயிற்று. மண்ணின் பதம் கெடும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் தொட்டியைச் சுற்றி மாட்டுக்குப் பின்னாலேயே ஜனங்களும் வலம் வர ஆரம்பித்துவிட்டார்கள். மாடு நின்றால் இவர்களும் நிற்கிறார்கள். வளரும் புற்றில் கை வைக்க எங்கள் பெண்கள் ஒருத்திக்கும் துணிவில்லை. பிசைந்த மண் கண்ணெதிரே நிற்கிறது. ஒரு ஜாடிக்குக்கூட எடுக்க முடியாது. அஞ்சம்மாள் நாளைக்கு மிதிக்கவென்று பழைய மிதிக்குழிக்குத் தண்ணீர் விட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகவே இது என் முடிவு. நாளை வேங்கடேசன் வந்து தொட்டியை எடுத்துப் போகட்டும். நீ இந்தக் கடிதம் கண்டவுடனே ஏஜெண்டிடம் போய், அந்த வாயும் வயிறும் உள்ள யந்திரத்தை மழைக்கு முன் அனுப்ப முடியுமா என்று கேள். முடியாது என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்துகொள். அஞ்சம்மாளின் கால் உன் கையில் இருக்கிறது.

ஜெயத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் எல்லோரையும் காவல் சம்மனசுகள் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்காள்,
இருதயமேரி.

பி.கு. வெள்ளிக்கிழமை. ஏஜெண்டிடம் போகாதே. காலையில் நான் போனபோது மாடு சுற்றிக்கொண்டிருந்தது. மாடு இழுக்கும் மரத்தின்மேல், தண்டுக்குப் பக்கத்தில், அஞ்சம்மாள் காலை மடக்கி உட்கார்ந்து, மரத்தோடு தானும் சுற்றிக்கொண்டிருந்தாள். கையில், வனைந்த ஜாடியைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும் கம்பி. "ஆத்தா, நீ வளந்துக்கினே இரு, நான் அறுத்துக்கினே இருக்கேன். கோவிச்சுக்காத, ஆறு பேரு குந்திக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு ஓர் அறுப்பு அறுத்தாள். கெங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அறுத்த இடத்தில் மண் மறுபடி எழும்பியது. மறுபடி அறுத்தாள், மறுபடி எழும்பியது. கெங்கம்மாள் முந்தானையை விரித்து முதல் உருண்டையை வாங்கிக்கொண்டாள். மற்றதெல்லாம் சக்கரங்களுக்குப் போயிற்று. மண்ணில் கட்டி இல்லை, காற்றுக் குமிழி இல்லை. தொட்டியை எடுத்துப்போக வண்டியோடு வந்த வேங்கடேசனிடம் கூட்டம், "கை வச்சுப் பாருங்க பாப்போம்" என்றது. அவர் கை வைக்கவில்லை. அவரே வார்த்த தொட்டியை ஒருமுறை வலம் வந்து கும்பிட்டுவிட்டு, வெறும் வண்டியோடு புதுச்சேரிக்குப் போய்விட்டார். சாயங்காலம் மாட்டை அவிழ்த்ததும் அஞ்சம்மாளை இறங்கச் சொல்லி அவள் பாதத்தைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.