வெடியுப்பும் மழைக்கிராணியும்

பினாங்கில் மழையைப் பிடித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மழைக்கிராணிதான். கிராணி என்றால் அங்கே குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஜார்ஜ் டவுனில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காற்றிலுள்ள நைட்ரஜன் மழையோடு இறங்கிப் புல்லுக்கு உரமாகிறதாம். மேய்ச்சல் நிலத்துக்கு வானம் இப்படி எவ்வளவு உரம் போடுகிறது என்று அளந்து பார்க்க எங்கள் வெள்ளைக்காரத் துரை ஆசைப்பட்டார். தண்ணீர்மலை அடிவாரத்தில் மாடு மேயும் திடலில் ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு புனலையும் கீழே பெரிய கண்ணாடிப் புட்டியையும் பொருத்தினோம். வாரம் ஒரு புட்டி. அதைக் காவல் காத்துச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவருவது மழைக்கிராணியின் வேலை. காலிப் புட்டியைக் கழுவுவது என் வேலை. இத்தனைக்கும் சீனியர் தேர்வில் நான் தேறியவன், அவர் தேறாதவர்.

மாட்டு மூத்திரம் ஒரு சொட்டுத் தெறித்தாலும் அளவு பாழ் என்று துரை சொல்லியிருந்தார். மழைக்கிராணிக்கு அது வேதவாக்கு. மாடு வாலைத் தூக்கினால் இவர் குடையைத் தூக்குவார். அந்தக் குடை மழைக்கு விரிந்ததே இல்லை. விரித்தால் அதன் சொட்டு புனலில் விழுந்துவிடுமாம். கொட்டும் மழையில், மடக்கிய குடையோடு, தொப்பலாக நனைந்து மாடுகளுக்கு நடுவே ஓடுவார்.

“எடியே லட்சுமி, அங்காலை போய்ப் பெய்யடி! இது வானம் பெய்யிற இடம்!”

அப்படிப்பட்டவரைத் துரை ‘மிஸ்டர்’ என்பார். என்னை ‘பாய்’, அதாவது பையன், என்பார். திடலில் மாடு மேய்த்த பால்கார ராக்கம்மா மழைக்கிராணிக்குச் சுண்டக் காய்ச்சிய பால் கொடுப்பாள். எனக்குக் கொடுத்த பாலில் எங்கள் புட்டியிலிருந்ததை விட அதிக மழை இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேட விரும்பவில்லை, பொறாமைதான்.

வருஷம் முழுக்க ஒரு புட்டியும் தவறாமல் சேர்ந்தால் ஊருக்குப் போக நீண்ட விடுப்பு என்று துரை அவருக்கு வாக்களித்திருந்தார். ஊரில் பெண் நிச்சயமாகியிருந்தது. இன்னும் இரண்டே வாரம். மனிதர் புட்டியைத் துடைக்கும்போதே கல்யாணச் சிரிப்புச் சிரித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ராக்கம்மா கேட்டாள். “ஏன் தம்பி, அந்தப் புட்டியில அப்படி என்னதான் இருக்கு?”

மழையில் அந்த நைட்ரஜன் நைட்ரேட் என்ற உப்பாக இறங்குகிறது; அதற்குத் தமிழ் எனக்குத் தெரியும். “வெடியுப்பு அக்கா,” என்றேன். ‘வெடி’யை மட்டும் கொஞ்சம் அழுத்தினேன்.

மறுநாள் திடலில் ஒரு மாடுகூட இல்லை. வானத்திலிருந்து வெடிமருந்து கொட்டுகிறது, அந்தப் புல் தின்ற மாட்டின் பால் அடுப்பில் வெடிக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கடுத்த நாள் ராக்கம்மா, விற்காத பால் குவளையோடு திடலில் உட்கார்ந்து அழுதாள். போலீஸ் சார்ஜன் வந்து புட்டியைத் தூரத்திலிருந்தே தடியால் சுட்டி, இது என்ன என்று மலாய் மொழியில் அதட்டினார். கூட்டம் கூடிவிட்டது.

“வெடியுப்பெண்டு ஆர் சொன்னது?” என்றார் மழைக்கிராணி.

ராக்கம்மாவின் விரல் என்னைக் காட்டியது.

“அவர் சரியாத்தானே சொன்னவர்! அதுக்கு வேறை தமிழ் இல்லை. படிச்ச பிள்ளை!”

சொல்லிவிட்டு மழைக்கிராணி புட்டியைக் கழற்றினார். சார்ஜன் இரண்டடி பின்வாங்கினார். மழைக்கிராணி ராக்கம்மாவின் குவளையைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து அந்த வார மழை முழுவதையும் மடக் மடக்கென்று குடித்தார்.

“வெடிக்குதோ பாரும்!” என்று சார்ஜனிடம் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“வெடிக்கலை லா!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். ராக்கம்மாவின் பால் அங்கேயே விற்றுத் தீர்ந்தது.

ஆனால் ஒரு புட்டி குறைந்தால் வருஷமே குறைந்தது என்றார் துரை. மறுபடி முதலிலிருந்து. விடுப்பும் போயிற்று. மழைக்கிராணி பெண் வீட்டாருக்குத் தந்தி அடித்தார். சொல்லுக்குக் காசு என்பதால் சுருக்கிவிட்டார்: ‘குடித்துவிட்டேன். பயணம் இல்லை.’ குடித்தது மழைத்தண்ணீர் என்ற விளக்கம் கப்பலில் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

அந்தச் செய்தியை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றது. அன்றே அவரிடம் சொன்னேன்.

“அண்ணே, நான் வேணும்னுதான் ‘வெடி’யை அழுத்திச் சொன்னேன். உங்க மேல பொறாமை.”

அவர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. கழுவிய புட்டியை என் கையிலிருந்து வாங்காமல் மேசையிலிருந்து எடுத்துக்கொள்வார். ஓர் அடி அடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

புதுக் கணக்கு தொடங்கிச் சில மாதம் கழித்து ஒரு நாள் மழை நன்றாக வலுத்துப் பெய்தது. நான் திடலின் ஓரத்தில் மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். இரண்டு பக்கமும் இரண்டு மாடுகள் ஒரே நேரத்தில் புனலை நெருங்கின. அவருக்கு இருப்பது ஒரு குடை. திரும்பி என்னைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார்.

“என்ன காணும், பாத்துக்கொண்டு நிக்கிறீர்? அந்த மாட்டைப் பிடியும்!”

என் வாழ்நாளில் அப்படி நான் வேறு எதற்கும் ஓடியதில்லை.